அணு உலைக்கு ஒரு குடை

அண்ணே,

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மாமனார் சொல்லிவிடுவார். வில்லாபுரத்தில் பாதிப் பேரிடம் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார்.

போன வாரம் அவரை முடிவெட்டக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எண்பது தாண்டியவர், கையைப் பிடித்துத்தான் நடத்த வேண்டும். அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று பக்கத்து நாற்காலியில் நானும் சவரத்துக்கு உட்கார்ந்தேன். வலது கன்னம் முடிந்துவிட்டது. இடது கன்னத்தில் நுரை. அப்போது கடையிலிருந்த எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறின. மணி அடிக்கிற சத்தம் இல்லை அண்ணே, அலறல். என் சட்டைப்பையில், சவரக்காரர் அலமாரியில், காத்திருந்தவர் மடியில், தெருவில் போகிறவர் இடுப்பில் என்று ஊரே ஒரே குரலில் கத்தியது. என்ன ஏது என்று நான் யோசிக்கவில்லை. என் கால்தான் முடிவெடுத்தது. கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடும் பாதி முக நுரையோடும் தெருமுனை டீக்கடை வரைக்கும் ஓடிவிட்டேன்.

டீக்கடைக்காரர் போனைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "டெஸ்ட்டு மெசேஜாம்ணே. ஆபத்து வந்தா இப்பிடித்தான் சத்தம் வருமாம். இப்ப ஆபத்து ஒண்ணும் இல்லையாம். நீங்க ஏன் பாதியில எந்திரிச்சு வந்துட்டீங்க?"

திரும்பிப் போனேன். மாமனார் உட்கார வைத்த இடத்தில் அப்படியே இருந்தார். கண்ணாடி வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மாப்ள, தனியாவா வந்திருந்தீக?"

கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு அண்ணே. ஒரு நாள் சாயங்காலம் அதே சிரிப்பை உங்கள் மேல் அவிழ்த்துவிட்டவன் நான். மீதிக் கன்னத்தை மழிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். நுரை பட்டு எரிகிறது போல என்று சவரக்காரர் நினைத்துக்கொண்டார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுத வேண்டியதை இப்போதுதான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது விளாங்குடிக்கு வந்து சொல்ல ஒரே ஒரு டவுன் பஸ் மாறினால் போதும். மாறவில்லை.

நாம் பேசிவந்த பட்டிமன்றத்தைக் கீழே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியாது. மேடையில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறையாக மோதுகிற ஆறு பேரும் ஒரே வண்டியில்தான் வந்து இறங்குவார்கள். எதிரணிக்காரர் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே வருவார்கள். யார் எந்தப் பக்கம் பேசுவது என்று வண்டி கிளம்பும்போதுதான் நடுவர் பிரித்துக் கொடுப்பார். நேற்று மாமியாருக்காகக் கண்ணீர் விட்டவன் இன்று மருமகளுக்காக விடுவான். கூட்டுறவுப் பண்டகசாலையில் பகலெல்லாம் சீனிக்கும் பருப்புக்கும் ரசீது எழுதுகிற எனக்கு, மாலையில் எந்தப் பக்கம் கிடைத்தாலும் அந்தப் பக்கம்தான் சத்தியம். உங்களுக்குக் கரண்ட் ஆபீசில் புகார் எழுதிக்கொள்கிற மேஜை. மின்வெட்டுக் காலத்தில் மதுரையிலேயே அதிகம் திட்டு வாங்கிய மனிதர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அந்தத் திட்டுகளை வகை பிரித்து நீங்கள் மேடையில் சொன்னதற்கே தனிக் கூட்டம் உண்டு.

அந்த வண்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைக்காத சட்டம். வண்டியில் யார் வீட்டுக் கதையையும் யாரும் பேசலாம். ஆனால் அடுத்தவர் கதையை மேடையில் சொல்ல ஆசைப்பட்டால், இறங்குவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும். "எடுத்துக்கலாமா?" அவர் "எடுத்துக்க" என்றால் அது உன் சரக்கு. "வேணாம்" என்றால் அது வண்டியோடு சரி, மறந்துவிட வேண்டும். என் கல்யாணத்தன்று செருப்பு காணாமல் போன கதையை நீங்கள் அப்படிக் கேட்டு வாங்கியதுதான். வாங்கியதோடு விடாமல் அதைப் பழுதும் பார்த்தீர்கள்.

"தம்பி, ரெண்டு செருப்பும் தொலைஞ்சா பாவம்னுதான் தோணும். ஒத்தச் செருப்பு தொலைஞ்சதுன்னு சொல்லுவோம். சிரிப்பு அதுலதான் இருக்கு."

மறுநாள் என் கல்யாணக் கதை எனக்கே புதிதாக இருந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

இப்படி ஒருவருக்கொருவர் கேட்டு வாங்கியும் கொடுத்தும் பிழைத்துக்கொண்டிருந்த நாளில்தான் அந்தத் தலைப்பு வந்தது. ஜப்பானில் கடல் பொங்கி அணு உலை வெடித்திருந்த காலம். தெற்கே நம் கடற்கரையில் உலை வேண்டாம் என்று சனம் உட்கார்ந்திருந்தது. இங்கே மதுரையில் நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல், உலை எப்போது ஓடும் என்று சனம் காத்திருந்தது. டீக்கடையில் நுழைந்தால் இரண்டு கட்சி. வீட்டில் நுழைந்தால் இரண்டு கட்சி. இவ்வளவு பெரிய சண்டையைப் பட்டிமன்றம் சும்மா விடுமா? சோழவந்தானுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால்கரை ஊர் ஒன்றில் பொங்கல் விழாக் கமிட்டிக்காரர்கள் தலைப்பை நோட்டீசில் அடித்தே விட்டார்கள். 'அணு உலை தருவது வெளிச்சமா, அச்சமா?' ஆறு மணிக்குக் கரண்ட் போய்விடும் என்பதால் மூன்று மணிக்கே ஆரம்பம். வெளிச்சத்துக்காகப் பேசுகிறவர்கள் இருட்டுவதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்று நான் அடித்த ஜோக்குக்கு நடுவர்கூடச் சிரிக்கவில்லை.

உங்களுக்கு நடுவர் வெளிச்சம் கொடுத்தார். அதுதான் முறை. நீங்கள் முதன்முறையாக ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கினீர்கள்.

"எனக்கு அச்சம் குடுங்க."

"கரண்ட் ஆபீஸ்காரரு வெளிச்சத்துக்குத்தான பேசணும்?"

"இந்த ஒரு தடவை குடுங்க."

அப்படியே வெளிச்சம் எனக்கு வந்தது.

பரவை மார்க்கெட்டைத் தாண்டும்போது வண்டிக்குள் எல்லாரும் கண் அயர்ந்துவிட்டார்கள். பின் சீட்டில் நாம் இரண்டு பேர். நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தீர்கள்.

"போன மாசம் மக வீட்டுக்குப் போயிருந்தோம்ல. கடக்கரைப் பக்கம். மொட்டை மாடியில நின்னா உலை தெரியும். ரெண்டு பெரிய சட்டியக் கவுத்து வச்ச மாதிரி."

"மீனு நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்கண்ணே."

"மீன விடு. ஒரு நாள் மகளும் மருமகனும் வேலைக்குப் போயிட்டாங்க. நல்ல வெயிலு. நான் முன் ரூம்ல பேப்பர் படிக்கிறேன். உங்க மதினி அடுப்படியில. திடீர்னு சங்கு ஊதுது. நம்ம ஊரு மில்லுச் சங்கு மாதிரி ஊதி நிக்கல. நிக்காம ஊதுது."

"உலையா?"

"கேளு. மதுரையில சங்கு ஊதுனா ஷிப்டு மாறுது, சாப்பாட்டு நேரம் வந்துருச்சுன்னு தெரியும். அங்க ஊதுனா என்னன்னு எனக்கு எவனும் சொல்லல. உலைதான்னு நெனச்சுட்டேன். அடுத்து எனக்கு நெனப்பு வரும்போது தெருமுக்கத் தாண்டி ஓடிக்கிட்டிருக்கேன்."

"மதினி?"

நீங்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

"கூப்பிடல தம்பி. கூப்பிடணும்னு தோணக்கூட இல்ல. கையில என்ன இருந்துச்சு தெரியுமா? குடை. வாசல்ல மாட்டியிருந்த குடை. அத எடுக்கத் தெரிஞ்சிருக்கு பாரு."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. நீங்களும் சிரித்தீர்கள். சிரித்து முடித்தபோது உங்கள் கண் வேறு மாதிரி இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

"ஐஸ் கம்பெனியில புதுசா மாட்டுன சங்காம். சரியா வேலை செய்யுதான்னு ஊதிப் பாத்தாங்களாம். திரும்பி வந்தேன். உங்க மதினி வாசப்படியில உட்காந்திருக்கா. 'ஆட்டோ கூப்பிடப் போனேன்'னு சொல்லிட்டேன். 'கிடைச்சுச்சா'ன்னு கேட்டா. 'கிடைக்கல'ன்னேன். அம்புட்டுத்தான். இன்னைக்கு வரைக்கும் அதத்தான் நம்பிக்கிட்டிருக்கா."

பிறகு நீங்கள் சொன்னதை நான் இப்போதும் மாற்றாமல் சொல்ல முடியும்.

"உலை வெடிக்குமா வெடிக்காதா, அது படிச்சவங்க பேச வேண்டியது. அம்புட்டுச் சுவரு இருக்கு, இம்புட்டுப் பூட்டு இருக்குங்கிறாங்க. இருக்கட்டும். ஆனா ஒரு சத்தம் வந்தா யாரு யாரைக் கூட்டிக்கிட்டு ஓடுவாங்க? எந்தப் பக்கம் ஓடுவாங்க? அத நம்மளாட்டம் ஆளுகதான பேசணும்?"

"இத அப்படியே மேடையில சொல்லுங்கண்ணே. அள்ளிரும்."

"சொல்ல மாட்டேன். நாம போறது அவ பொறந்த ஊருக்குப் பக்கத்து ஊரு. முன் வரிசையில உட்காந்திருப்பா. அவ ஆளுக பூராம் வருவாங்க. வேற மாதிரி சொல்லிக்கிறேன்."

நான் "எடுத்துக்கலாமா" என்று கேட்கவில்லை. எடுக்கும் எண்ணமே இல்லாததால் கேட்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. கேட்டால் வேணாம் என்று சொல்லிவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

கூட்டம் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் அணியின் முதல் ஆள் பம்புசெட்டுக்குக் கரண்ட் வராமல் வாடிய நெல்லைப் பற்றிப் பேசி ஆரவாரம் வாங்கினார். எனக்கு முன்னால் உங்கள் அணியிலிருந்து டீச்சரம்மா எழுந்தார். ஜப்பானில் காயப்போட்ட துணி கொடியிலேயே கிடக்க, ஊரையே காலி செய்துவிட்டுப் போனவர்களைப் பற்றிப் பேசினார். "அந்தத் துணிய எடுக்க இன்னும் யாரும் வரல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மைதானம் கப்சிப். கைகூடத் தட்டவில்லை. கூட்டம் அப்படி உறைந்து கிடந்தபோது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கரண்ட் இல்லாத ராத்திரியில் கொசு அடிக்கிற ஜோக்கைப் போட்டேன். விழவில்லை. மிக்சி ஓடாததால் அம்மியில் அரைத்து என் இடுப்பு போன கதையைப் போட்டேன். அதுவும் விழவில்லை. இரண்டாவது வரிசையில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு பல் குத்தினார். என்னை மாதிரி ஆளுக்கு அதைவிடப் பெரிய அபாயச் சங்கு உலகத்தில் இல்லை அண்ணே. சிரிப்பு வராத கூட்டத்தின் முன்னால் நிற்கிற பயம் இருக்கிறதே, அதில் மனைவி மக்கள் நட்பு நன்றி எதுவும் ஞாபகத்துக்கு வராது. நானும் ஓடினேன். கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு ஓடினேன். கைக்கு எட்டியது நீங்கள்.

"அச்சம் அச்சம்ங்கிறாங்களேய்யா, அந்த அணித் தலைவரு, எங்க அண்ணன், எம்புட்டுப் பெரிய தைரியசாலி தெரியுமா? மக வீட்டுக்குப் போயிருக்காரு. ஐஸ் கம்பெனிக்காரன் சங்கு ஊதுறான். இவரு உலைதான் வெடிச்சிருச்சுன்னு ஓடுறாரு. ஓடட்டும், தப்பில்ல. ஆனா ஆம்பள ஓடும்போது பொண்டாட்டி கையப் பிடிச்சுக்கிட்டு ஓடணுமா இல்லையா? எங்க அண்ணனும் பிடிச்சாரு. கெட்டியாப் பிடிச்சாரு. எதை? குடைய!"

நிறுத்தினேன். எண்ணி மூன்று நொடி. நீங்கள் கற்றுக்கொடுத்த நிறுத்தம்தான்.

"எங்க மதினி அடுப்படியில நிக்குது. இவரு தெருமுக்குல குடையோட நிக்கிறாரு. கேட்டா, ஆட்டோ கூப்பிடப் போனாராம்! அணு உலைக்கே குடை பிடிச்ச ஒரே ஆளு இந்த உலகத்துலயே எங்க அண்ணன்தான்யா!"

மைதானம் வெடித்தது. விசில். துண்டு மேலே பறந்தது. நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பல் குத்தியவர் குச்சியைத் தவறவிட்டார். முன் வரிசையில் மதினி சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா, மேடையிலிருந்து தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் நின்று பார்க்கவும் இல்லை. அவர் தங்கை குனிந்து என்னவோ கேட்டதும், அவர் தலையை ஆட்டியதும் மட்டும் கண்ணில் பட்டது.

அடுத்து, கடைசியாகப் பேச வேண்டியவர் நீங்கள். மெதுவாக எழுந்து வந்து மைக்கைப் பிடித்தீர்கள்.

"தம்பி சொன்னது நெசந்தான். ஓடுனேன்."

சிரிப்பு.

"ஓடும்போது அவ நெனப்பு வரல."

இன்னும் பெரிய சிரிப்பு. நீங்களும் நானும் பேசி வைத்துக்கொண்டு நடிப்பதாகச் சனம் நினைத்துவிட்டது. நம் தொழில் அப்படி. எத்தனை வருடம் பொய்யாகச் சண்டை போட்டிருக்கிறோம், உண்மையை எப்படி நம்புவார்கள்? "குடை எங்கண்ணே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. ஆனா நான் நல்ல மனுசன்னுதான் நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னைக்கு வீட்டுக்குப் போயி யோசிச்சுப் பாருங்க, உங்க ஊர்ல சங்கு ஊதுனா நீங்க யாரை..."

அப்போது கரண்ட் போனது. ஆறு மணிக்குப் போக வேண்டியது, ஐந்து நிமிடம் முன்னதாக. மைக் செத்தது. நீங்கள் நிறுத்தவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது. ஜெனரேட்டரை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. மங்கிக்கொண்டே வந்த வெளிச்சத்தில் நடுவர் மேடை விளிம்புக்கு வந்து தொண்டை கிழியத் தீர்ப்புச் சொன்னார். "அணு உலை தருவது... வெளிச்சமே!" இருட்டில் கைதட்டினார்கள்.

நான் ஜெயித்துவிட்டேன். உலை வேண்டுமா, வேண்டாமா? எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அது தெரியாமலே ஜெயிக்க முடிந்தது என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

திரும்பும்போது நீங்கள் டிரைவர் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தீர்கள். மதினி பிறந்த வீட்டுக்காரர்களோடு தங்கிவிட்டார். விளாங்குடியில் இறங்கி, பின் சன்னல் பக்கம் வந்தீர்கள். அடிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"டைமிங் நல்லா இருந்துச்சு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அதன் பிறகும் கொஞ்ச நாள் மேடைக்கு வந்தீர்கள். வண்டியில் வாய் திறக்கவில்லை. பிறகு மூட்டு வலி என்று சொல்லி நின்றுவிட்டீர்கள். நான் என்ன செய்தேன்? மன்னிப்புக் கேட்டேனா? குடையை ஊர் ஊராகக் கொண்டு போனேன். பெயரை மட்டும் எடுத்துவிட்டு "எங்க நண்பர் ஒருத்தரு" என்று ஆரம்பிப்பேன். உலைத் தலைப்புக்கு மட்டும் இல்லை, கணவன் மனைவித் தலைப்புக்கும் போட்டேன், துணிச்சல் தலைப்புக்கும் போட்டேன். யாரோ அதைப் படம் பிடித்துப் போனில் பரப்பிவிட்டார்கள். அதற்கும் பெருமைப்பட்டேன்.

நம் வண்டி டிரைவர் விளாங்குடிக்காரர் அல்லவா, உங்கள் சேதி அவர் வழியாக வரும். "அண்ணே, இப்பல்லாம் உங்க அண்ணன் பால் வாங்கப் போனாக்கூட அண்ணியக் கூட்டிக்கிட்டுத்தான் போறாரு. வாசல்ல நின்னு 'நீயும் வாரியா'ன்னு கேட்டுட்டுத்தான் செருப்பையே மாட்டுறாரு." ஒரு நாள் பரவை மார்க்கெட்டில் நானே பார்த்தேன். நீங்கள் கையில் பையோடு முன்னால் நான்கு அடி வைப்பீர்கள், நிற்பீர்கள், மதினி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்ததும் அடுத்த நான்கு அடி. நீங்கள் முடிவெட்டிக்கொள்ளும்போது மதினி கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதாகவும் கேள்விப்பட்டேன். இதையும் நான் சும்மா விடவில்லை. "அண்ணனுக்கு இப்ப டூட்டி மாறிருச்சு" என்று வண்டியில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். எழுதும்போது கை கூசுகிறது.

நீங்கள் படுத்த படுக்கையான பிறகு ஒரு தடவை வந்தேன். ஆப்பிள் வாங்கி வந்தேன், மன்னிப்பைக் கொண்டு வரவில்லை. நீங்களே கேட்டீர்கள்.

"குடைக்கு இன்னும் சிரிக்கிறாங்களா?"

"சிரிக்கிறாங்கண்ணே."

"சிரிச்சு முடிச்சப்புறம் யாராச்சும் யோசிக்கிறாங்களா?"

"தெரியலண்ணே."

அவ்வளவுதான் நமக்குள் நடந்த பேச்சு. நான் கிளம்ப எழுந்ததும் நீங்கள் அடுப்படிப் பக்கம் திரும்பி மதினியைக் கூப்பிட்டீர்கள். "தம்பி கிளம்புறான். வாசல் வரைக்கும் போயிட்டு வருவோம், நீயும் வாரியா?" உங்களால் கட்டிலைவிட்டு எழக்கூட முடியாது. மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இந்தா வாரேன்" என்று சொல்லிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

சவரக்கடையில் ஓடிய பிறகு இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியில்லை. நேற்று கிளம்பி விளாங்குடிக்குப் போனேன். மதினி டீ போட்டுக் கொடுத்தார். நீங்கள் உட்காருகிற நாற்காலியில் நான் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தேன். அண்ணனுக்கு ஒரு மடல் எழுதப்போகிறேன் என்றேன். அன்றைக்கு நடந்ததையெல்லாம் எழுத வேண்டும் என்றேன். பிறகு, இத்தனை வருடம் கழித்து, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"எடுத்துக்கலாமா மதினி?"

"என்னத்த?"

"அந்தக் குடைய. அன்னைக்கு அண்ணன்கிட்டக் கேக்காம எடுத்துட்டேன். அவரு உங்கள விட்டுட்டு ஓடுனத உங்களுக்கே தெரியாம வச்சிருந்தாரு. அத உங்க சொந்தபந்தம் முன்னாடி போட்டு உடைச்சுட்டேன். உங்களுக்கு எம்புட்டு அவமானமா இருந்திருக்கும்."

மதினி என்னையே பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்தினார். தோள் குலுங்கியது. அன்றைக்குத் தூரத்திலிருந்து தெரியாதது நேற்றுப் பக்கத்திலிருந்து தெரிந்தது. சிரிப்பு.

"தம்பி, சங்கு ஊதுனப்ப நான் அடுப்படியிலயா இருந்தேன்? பின் வாசல் வழியா, பக்கத்து வீட்டம்மா பின்னாடியே ஓடிட்டேன். முன் ரூம்ல ஒரு மனுசன் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்காருன்னு நெனப்பே வரல."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீங்க மேடையில பேசுறீங்க, எனக்கு உள்ள உதறுது. எங்க என் ஓட்டத்தையும் சேத்துச் சொல்லிருவீங்களோன்னு. சேலையக் கடிச்சுக்கிட்டு உட்காந்திருந்தேன்."

"அண்ணன்கிட்டச் சொல்லலையா?"

"சொல்லணும்னுதான் மறுநா வீட்டுக்கு வந்தேன். பால் வாங்கக் கிளம்புனவரு வாசல்ல நின்னுக்கிட்டு 'நீயும் வாரியா'ங்கிறாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு நாள் அப்பிடிக் கேட்டதில்ல தம்பி. சொல்லிட்டா மறுநா கேக்க மாட்டாருல்ல? இன்னைக்கு வேணாம், நாளைக்குச் சொல்லுவோம்னு விட்டேன். அப்பிடியே போச்சு." நான் கீழே வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டார். "எழுதிக்கங்க. இனி யாரு என்னையக் கடைக்குக் கூப்பிடப்போறா."

அண்ணே, இது உங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய சேதி. எத்தனையோ நாள் கால் நோக அந்த அம்மா உங்கள் பின்னால் நடந்தது, நீங்கள் நினைத்த மாதிரி, உங்களை மன்னித்துவிட்டதால் இல்லை. நீங்கள் வண்டியில் கேட்ட கேள்விக்கு, யாரு யாரைக் கூட்டிக்கிட்டு ஓடுவாங்க என்ற கேள்விக்கு, பதில் உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருந்திருக்கிறது. நான் கேட்காமல் எடுத்ததால் நீங்கள் தலை குனிந்தீர்கள். குனிந்த தலையோடு நீங்கள் கேட்ட அந்த 'வாரியா'வை அவர் விட மனசில்லாமல் வைத்துக்கொண்டார். உண்மை தெரியாமல் போனது உங்களுக்கு மட்டும்தான்.

குடை ஜோக்கை விட்டுவிட்டேன். கமிட்டிக்காரர்கள் கேட்கிறார்கள், மறந்துபோச்சு என்கிறேன். உங்களிடமிருந்து நான் இன்னும் வைத்திருப்பது அந்த 'வாரியா'தான். இன்று காலை செருப்பை மாட்டுவதற்கு முன் வாசலில் நின்று, "மாமா, கடைக்குப் போறேன், வாரீங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். "எதுக்கு மாப்ள, ஓடவா?" என்றார். பழகிக்கொள்வார்.

நேற்று வாசல் வரைக்கும் மதினி வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, மனசு கேட்காமல், ஒன்றே ஒன்று கேட்டேன்.

"உலை வெடிச்சிருச்சுன்னு நெனச்சு ஓடுனவங்க, அப்புறம் ஏன் மதினி வீட்டுக்குத் திரும்பி வந்தீங்க? அண்ணன் நெனப்பு வந்துருச்சா?"

"வெயிலு தம்பி, மண்டையப் பொளந்துச்சு. குடைய எடுத்துட்டு ஓடலாம்னுதான் வந்தேன். பாத்தா, குடையக் காணோம்."